கொத்தரிசியும் மூன்று மணிநேரப் பள்ளியும்: 1953ஆம் ஆண்டின் இரண்டு சிக்கனங்கள்

தில்லியின் மேற்குக் கித்வாய் நகரில், என் சித்தப்பாவின் அரசுக் குடியிருப்பில் தங்கி ஆய்வேட்டின் கடைசி இயல்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். அரவிந்தர் சாலையைக் கடந்தால் கிழக்குக் கித்வாய் நகர். அங்கிருந்த பழைய குடியிருப்புகளை இடித்துவிட்டுப் பொதுத்துறை நிறுவனமான என்பிசிசி எழுப்பிய அடுக்குமாடிகள் வரிசையாக நிற்கின்றன. அத்திட்டத்தைப் பற்றிய அரசு அறிக்கைகள் எல்லாவற்றிலும் ஒரு பெருமிதம் தவறாமல் இடம்பெறும். கருவூலத்திலிருந்து பணம் பெறாமல், வணிகத் தளங்களிலிருந்து கிடைக்கும் வருவாயைக் கொண்டே ஊழியர் வீடுகள் கட்டப்பட்டன என்பதே அது. அரசு தன் ஊழியருக்கு வீடு கட்டுவதற்கும் சந்தையின் துணையை நாடுவது பெருமைக்குரியதாக எப்போது ஆயிற்று என்ற கேள்வியோடு நடைப்பயிற்சிக்குப் போய்வருவேன். ஊர்ப்பெயருக்கு உரியவர் யார் என்று தேடத் தொடங்கியது அப்படித்தான்.

ரஃபி அகமது கித்வாய் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டத்தில் 1894இல் பிறந்தவர். விடுதலை இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சர். இரவு விமான அஞ்சலைக் கொண்டுவந்தவர் என்ற அளவில் அவரைச் சிலர் அறிந்திருக்கலாம். 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்குப் பின் உணவு, வேளாண்மைத் துறை அமைச்சரானார். போர்க்காலத்திலிருந்து நீடித்த தானியக் கட்டுப்பாட்டையும் பங்கீட்டையும் படிப்படியாக விலக்கினார். அப்பணி முடிந்த 1954ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் 24 அன்று, தில்லியில் காலமானார்.

சென்னை மாநிலத்தில் இதே வேலை சற்று முன்னதாகவே நடந்தது. 1952 ஏப்ரலில் முதலமைச்சரான இராஜாஜி ஜூன் மாதத்திலேயே உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். கித்வாய் அதற்கு ஆதரவாக நின்றார். விலை தறிகெட்டு ஏறும் என்று அஞ்சியவர்களின் அச்சம் பலிக்கவில்லை. அடுத்தடுத்து வந்த நல்ல பருவமழை இருவரையும் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. துணிவைப் போற்றும் வாழ்க்கை வரலாறுகள் மழைக்கு அவ்வளவு இடம் தருவதில்லை. ஒரு சிக்கனம் வெற்றி பெற்றால் அது தீர்க்கதரிசனம் என்று பெயர் பெறும். தோற்றால் அதன் விலையைக் கொடுப்பவர் வேறொருவராக இருப்பார். அந்த வேறொருவர் யார் என்பதற்கு 1953ஆம் ஆண்டு பாக் நீரிணையின் இரு கரைகளிலும் இரண்டு விடைகளைத் தந்தது. அவ்விரண்டையும் ஒருசேரப் படித்தவர்கள் குறைவு. சென்னையைத் தமிழக வரலாற்றாளர்களும், கொழும்பை இலங்கை வரலாற்றாளர்களும் தனித்தனியே எழுதியிருக்கிறார்கள்.

முதலில் சென்னை. 1953 ஜூன் 18 முதல், நகர்ப்புறம் அல்லாத தொடக்கப் பள்ளிகளில் ‘திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்’ நடைமுறைக்கு வந்தது. மாணவர்கள் இரண்டு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். நாளொன்றுக்கு ஐந்து மணிநேரமாக இருந்த வகுப்பு மூன்று மணிநேரமாயிற்று. மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது திட்டம். பெரியார் இதற்குக் ‘குலக்கல்வி’ என்று பெயரிட்டார், அப்பெயரே நிலைத்தது. அதன் சாதிய உள்ளடக்கம் குறித்து நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அவ்விமரிசனத்தை நான் ஏற்கிறேன். அதன் நிதிக் கணக்குப் போதிய அளவு பேசப்படாததால் இங்கே அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு, பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வழங்க முயல வேண்டும் என்று சொல்லியிருந்தது. பள்ளிக்கு வராத பிள்ளைகள் பெருந்தொகையினர். மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் விரிந்தபின் கலால் வருவாயும் போயிருந்தது. புதுக் கட்டடமும் புது ஆசிரியரும் இல்லாமல் சேர்க்கையைப் பெருக்குவதற்கு எளிய வழி ஒன்றுதான்: இருக்கும் கட்டடத்திலேயே, இருக்கும் ஆசிரியரைக் கொண்டே, காலையில் ஓர் அணி, மாலையில் ஓர் அணி. காகிதத்தில் பார்த்தால் குறைப்பு எங்குமே இல்லை. ஆசிரியர் எண்ணிக்கை குறையவில்லை, சேர்க்கையோ கூடும். குறைந்தது ஒவ்வொரு குழந்தைக்கும் நாள்தோறும் இரண்டு மணிநேரம். நிதிநிலை அறிக்கையில் அதற்கென்று ஒரு பத்தி கிடையாது.

திட்டம் நகரங்களைத் தொடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மயிலாப்பூர்ப் பிள்ளை ஐந்து மணிநேரம் படித்தது. தஞ்சைச் சீமையின் பண்ணையாள் பிள்ளை மூன்று மணிநேரம் படித்தது. தந்தையின் தொழிலைக் கற்கும் வாய்ப்பு வழக்கறிஞர் மகனுக்கு வழங்கப்படவில்லை.

பின்நிகழ்ந்தவை பலருக்கும் தெரிந்தவை. 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இத்திட்டத்துக்கு எதிரானது. அதே மாத இறுதியில் சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடக் கோரும் தீர்மானத்துக்கு ஆதரவாக 138 பேரும் எதிராக 138 பேரும் வாக்களித்தனர். அவைத்தலைவர் சிவசண்முகம் பிள்ளை தம் வாக்கை எதிராக அளித்ததால் தீர்மானம் தோற்றது. அடுத்து, திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு விட வேண்டும் என்ற தீர்மானம் இரண்டே வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. பருலேகர் தலைமையிலான அக்குழு திட்டத்தைப் பாராட்டியே அறிக்கை தந்தது. வல்லுநர் குழு காப்பாற்றிக் கொடுத்த திட்டத்தைக் கட்சி காப்பாற்றவில்லை. 1954 தொடக்கத்தில் இராஜாஜிக்கு எதிரான அணி வலுத்தது. ஏப்ரல் 13 அன்று காமராசர் முதலமைச்சரானார். மே 18 அன்று கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்படுவதாக அறிவித்தார். பதினொரு மாத ஆயுள்.

சென்னைக்குப் பிள்ளைகளிடமிருந்து மிச்சம் பிடிப்பது புதிதல்ல. சர். பிட்டி. தியாகராயர் காலத்தில், 1920இல், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. தலைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் விரிந்த அவ்வுணவு 1925 ஏப்ரல் 1 அன்று நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடக் கூடாது என்று பிரித்தானிய அரசு மறுத்ததே காரணம். நிதியாண்டின் முதல் நாளில் குழந்தையின் தட்டு காலியாயிற்று. ஏழைப் பிள்ளைகள் சிலர் அந்த ஒருவேளைச் சோற்றையே நம்பியிருந்தனர் என்று மாநகராட்சி உறுப்பினர்களே சுட்டிக்காட்டிய பிறகு, இரண்டாண்டு கழித்துக் குறைந்த அளவில் அது மீண்டது.

இனி நீரிணையின் மறுகரை. கொரியப் போர்க்காலத்தில் ஏறியிருந்த ரப்பர் விலை 1952இல் சரிந்தது. இறக்குமதி அரிசியின் விலையோ இறங்கவில்லை. சீனத்தோடு ரப்பருக்கு அரிசி என்ற பண்டமாற்று உடன்படிக்கை அவ்வாண்டு டிசம்பரில் கையெழுத்தானதும் அந்நெருக்கடியில்தான். 1952 மே மாதத் தேர்தலில், பங்கீட்டு அரிசியின் விலை ஏறாது என்ற உறுதியோடு வென்ற டட்லி சேனாநாயக்க அரசின் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்த்தன. 1953 ஜூலையில் அவர் அரிசி மானியத்தில் கைவைத்தார். கொத்து ஒன்றுக்கு 25 சதமாக இருந்த விலை 70 சதமாயிற்று. பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. ரயில் கட்டணமும் அஞ்சல் கட்டணமும் உயர்ந்தன.

‘கொத்து’ என்பது தமிழ்நாட்டு வாசகருக்குப் பழகாத அளவை. நாம் படி என்பதுபோல் இலங்கைத் தமிழில் கொத்து. ஏறத்தாழ இரண்டு இறாத்தல் அரிசி கொள்ளும். பங்கீட்டு அட்டையை அங்கே ‘கூப்பன்’ என்பார்கள். அதற்குக் கிடைப்பது ‘கூப்பன் அரிசி’. நான் ஆய்வது ஆட்சித்துறைச் சொல்வழக்கு என்பதால் இன்னொரு சொல்லையும் குறிப்பிட்டுவிடுகிறேன். ‘மானியம்’ முன்பு வரியின்றி அனுபவிக்கக் கொடுக்கப்பட்ட நிலத்தைக் குறித்தது. கோயிலும் புலவரும் ஊர்ப்பணியாளரும் பெற்றனர். பெறுவது ஒரு மதிப்பு. அரசு ஏழைக்குக் கொடுப்பதற்கு அதே சொல் ஆளப்பட்ட நூற்றாண்டில், பெறுகிறவர் கூச வேண்டிய ஒன்றாக அது மாறியது. இப்பொருள் மாற்றத்தை எந்த அகராதியும் பதிவு செய்ததாக நான் காணவில்லை.

1953 ஆகஸ்டு 12. இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஹர்த்தால். கடைக்குப் பூட்டு என்ற பொருளுடைய வட இந்தியச் சொல் காந்தியின் வழியே தமிழுக்கும் சிங்களத்துக்கும் வந்து, அன்றைக்கு இரு மொழியினரும் ஒன்றாக உச்சரித்த சொல்லாயிற்று. வடக்கில் தமிழரசுக் கட்சியும் ஆதரவு தந்தது. மேற்கிலும் தெற்கிலும் கரையோர ஊர்களில் ரயில்கள் ஓடவில்லை, சாலைகள் மறிக்கப்பட்டன. அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. துப்பாக்கிச் சூட்டில் பத்துப்பேர் அளவில் மாண்டனர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ‘நியூஃபவுண்ட்லாந்து’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஐந்தாண்டுகளுக்கு முன் விடுதலை பெற்ற நாட்டின் அமைச்சர்கள், தம் மக்கள் சோறு கேட்ட நாளில், பழைய எசமானரின் கப்பலில் அமர்ந்து பேசினார்கள். அக்டோபரில் டட்லி பதவி விலகினார். அடுத்து வந்த சர் ஜான் கொத்தலாவல அரிசி விலையைச் சற்றே இறக்கினார்.

ஆக, ஓராண்டு இடைவெளிக்குள் இரு தலைவர்கள் சிக்கனத்தால் வீழ்ந்தனர். வாக்குரிமை பரவிய சமூகத்தில் சோற்றையும் பள்ளியையும் வெட்டினால் ஆட்சி நிலைக்காது என்று இதிலிருந்து முடிவு கட்டலாம். கருத்தரங்குக் கட்டுரைகள் பலவற்றில் அந்த முடிவைக் கண்டிருக்கிறேன். எனக்கு அது அரைகுறையாகவே படுகிறது. ஹர்த்தாலின் வரைபடத்தில் மத்திய மலைநாடு ஏறத்தாழ வெறுமையாக இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் பெரும்பாலானவை அன்று இயங்கின. அதே அரிசியைத்தான் அங்கும் உண்டார்கள். தோட்ட நிர்வாகம் கொடுக்கும் அரிசிக்குரிய பணம் கூலியில் பிடிக்கப்படும். பின் ஏன் அமைதி?

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் சௌமியமூர்த்தி தொண்டமான் உள்ளிட்ட இலங்கை இந்தியக் காங்கிரசு உறுப்பினர்கள் மலையகத்திலிருந்து நாடாளுமன்றம் சென்றனர். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், அதைத் தொடர்ந்து 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ ஏழு இலட்சம். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுடைய பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. அவ்வாண்டு வாக்குரிமை கேட்டுக் கொழும்பில் அவர்கள் செய்த சத்தியாக்கிரகமும் பலன் தரவில்லை. இப்படியிருக்க, 1953 ஜூலையில் அரிசி விலை குறித்த விவாதம் நடந்தபோது, நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பெரும்பங்கை ஈட்டிய மக்களின் குரல் அவையில் ஒலிக்க வழியே இல்லை. நாடற்றவர் என்று முத்திரை குத்தப்பட்ட ஒருவர், தம்மை வெளியேற்றக் காத்திருக்கும் அரசுக்கு எதிராகத் தெருவில் இறங்குவாரா என்பதையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

நாட்காட்டியை அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு இதன் கொடுமை உறைத்தது. 1953 ஜூனில் இலண்டனில் நேருவும் டட்லியும் இம்மக்களை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று பேசினர். ஆகஸ்டில் ஹர்த்தால். 1954 சனவரியில் இதே தில்லியில் நேரு–கொத்தலாவல உடன்படிக்கை. வாக்குள்ள சிங்களக் குடியானவரோடு அரசு அரிசி விலையைப் பேரம் பேசியது. வாக்கில்லாத் தமிழ்த் தொழிலாளரைப் பற்றி இரண்டு அரசுகள் தமக்குள் பேரம் பேசின. முதற்பேரத்தில் மக்களுக்கு ஓரளவேனும் கிடைத்தது.

அம்மக்கள் கொடுத்த முழு விலை இருபதாண்டு கழித்து வந்தது. 1973இல் உலகச் சந்தையில் தானியமும் எண்ணெயும் விலையேற, சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இலவச அரிசியின் அளவைக் குறைத்தது. மாவும் சீனியும் அருகின. கிராமத்தாருக்கு வீட்டைச் சுற்றி மரவள்ளியோ பலாவோ நட ஒரு துண்டு நிலம் இருந்தது. லயத்து அறையில் குடியிருப்பவருக்கு வாசலுக்கு வெளியே உள்ள மண் தோட்டத்துக்குச் சொந்தம். 1974இல் தோட்டங்களின் இறப்பு விகிதம் நாட்டுச் சராசரியின் இருமடங்கு அளவை எட்டியது. குறைக்கப்பட்ட பங்கீடு எல்லாருக்கும் ஒரே அளவுதான். இறப்பு மட்டும் ஒரே அளவாக இருக்கவில்லை. பொதுச்சேவை சுருங்கும்போது அதன் இடத்தை நிரப்ப எவரிடம் மாற்று இருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. நிலமும் வாக்கும் உறவும் ஒருங்கே இல்லாத ஒரு சமூகத்தை அரசே உருவாக்கி வைத்திருந்தது.

என் அப்பாயி அக்காலத்தவர். ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ‘சிறிமா பஞ்சம்’ என்றுதான் சொல்வார். பாணுக்கு விடியுமுன் வரிசையில் நின்றது, கூப்பனை மழையில் நனையாமல் மடியில் முடிந்து வைத்தது, கிழங்கின் தோலையும் வீசாமல் அவித்தது ஆகியவற்றைச் சொல்லும்போது அவர் குரல் ஏறுவதோ இறங்குவதோ இல்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 சனவரியில் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒப்பந்தம் எழுதியும் நகராமல் பலர் தயங்கியே நின்றார்கள். அப்பாயியின் வீட்டில் கடவுச்சீட்டு வந்து ஆண்டுக்கணக்கில் தகரப் பெட்டியில் கிடந்தது. பஞ்சம் அதை வெளியே எடுக்க வைத்தது. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கூடலூர் வந்து சேர்ந்தார்கள். எந்த அரசின் ஆவணத்திலும் அவர்கள் பட்டினியால் இடம்பெயர்ந்தவர்கள் என்று இல்லை; ‘தாயகம் திரும்பியோர்’ என்றே இருக்கிறது. அப்பாயி பிறந்தது ஹட்டனில்.

1977க்குப் பின் ஜே.ஆர். ஜயவர்த்தனவின் ஆட்சியில் பங்கீட்டு முறையே நீங்கியது. 1979இல் உணவு முத்திரை வந்தது. முத்திரையின் மதிப்பு ரூபாயில் நிலைநிறுத்தப்பட்டது. விலைவாசியோ நிலைத்து நிற்கவில்லை. சில ஆண்டுகளில் அதன் வாங்கும் ஆற்றல் பாதியாகத் தேய்ந்தது. இம்முறை ஹர்த்தால் இல்லை. 70 சதம் என்று ஒரே நாளில் அறிவித்தவர், இருபத்தைந்து ஆண்டுகளில், அறிவிக்காமலே குறைக்கும் கலையைக் கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. தகுதியை வருமானம் தீர்மானித்தது. தோட்டக் கூலியோ செக்ரோலில் நாள்வாரியாகப் பதிவானது. குறைத்துச் சொல்ல வழியில்லாத வருமானம்.

ஆய்வு மாணவர்களாகிய நமக்கு இந்தக் கலை புதிதன்று. 2022 டிசம்பரில், சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை அவ்வாண்டு முதல் நிறுத்தப்படுவதாக மக்களவையில் அறிவிக்கப்பட்டது. பிற திட்டங்களோடு ‘மேற்படிகிறது’ என்பது சொல்லப்பட்ட காரணம். 1953இன் சென்னை ஆவணம் ‘திருத்தியமைத்தல்’ என்றது. எந்தப் பத்தாண்டிலும் ‘பறித்தல்’ என்ற வினைச்சொல்லை நான் கண்டதில்லை. என் ஆய்வேட்டின் நான்காம் இயல் இச்சொற்களின் பட்டியலோடுதான் தொடங்குகிறது. நெறியாளர் அதை இன்னும் கொஞ்சம் குளிர்ச்சியாக எழுதச் சொல்லியிருக்கிறார்.

போன விடுமுறையில் கூடலூர் போயிருந்தேன். தமிழ்நாட்டில் பொது வினியோகம் இன்னும் அனைவருக்குமானதாகவே இருக்கிறது; அரிசி அட்டைக்கு 2011 முதல் அரிசி இலவசம். அப்பாயியின் கையைப் பிடித்து ரேஷன் கடைக்கு அழைத்துப் போனேன். விரல்ரேகை பதியவில்லை. ஐம்பது ஆண்டுகள் கொழுந்து கிள்ளிய விரல். கடைக்காரர் துணியால் கருவியைத் துடைத்து மறுபடியும் வைக்கச் சொன்னார். மூன்றாம் முறை பதிந்தது. அரிசி சாக்கில் விழுந்ததும் அப்பாயி எட்டிப் பார்த்து, “எத்தனை கொத்து இருக்கும்?” என்று என்னைக் கேட்டார். நான் கிலோவைக் கொத்தாக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது கடைக்காரரே சொல்லிவிட்டார். அவருடைய தாயாரும் நுவரெலியாவிலிருந்து வந்தவர்.